எந்த வயல் பூச்சி?

சென்ற மாதம் கடலூரிலிருந்து டாக்டர் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். கெட்டிக்காரப் பெண். ஒரே குறை, போனை எடுத்தால் ‘சாப்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

“மேடம், இந்த வாரம் மட்டும் ரெண்டு பேரு பல்லி தூக்கிட்டு வந்துட்டாங்க. லெப்பர்ட் கெக்கோ. எந்தப் பூச்சி குடுக்கலாம்னு கேக்கறாங்க. நெட்ல பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். நீங்கதான் அதெல்லாம் பாத்தவங்க. வரிசையா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“எந்தப் பூச்சிங்கறது அப்புறம். இப்ப குடுக்கற பூச்சி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டியா?”

“கேக்கலையே மேடம்.”

“அதைக் கேக்காம என்னத்த எழுதிக்கப் போற?”

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி; அவளுக்கும் பழக்கம்தான். பிறகு, போனில் சொன்னால் சரிப்படாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். சிதம்பரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? ஆனால் எழுத ஆரம்பித்தால் பல்லி உடனே வர மாட்டேன் என்கிறது. திட்டக்குடி மாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய் என்று படித்தோம். பல்லிக்கு வைத்தியம் என்று அன்றைக்கு யாராவது பாடம் நடத்தியிருந்தால் சிரித்திருப்போம். எங்களுக்குத் தெரிந்த பல்லி ஹாஸ்டல் சுவரில் இருந்ததுதான். அது கத்தினால் பரீட்சையில் பாஸா பெயிலா என்று ஆளுக்கு ஒரு பலன் சொல்வோம். நான் படித்து முடித்ததும் கடலூரில் எங்கள் பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிவில் மைக்கில் என் பெயரைச் சொல்லி, ஜெசிந்தா டாக்டராகிவிட்டாள் என்று வாழ்த்தினார். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு அம்மா முட்டிவலியைக் காட்ட வந்துவிட்டார். மாட்டு டாக்டர் என்றதும் அவர் முகம் விழுந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முதல் வேலை திட்டக்குடிப் பக்கம். அங்கே எனக்கு மேலே இருந்தவர் சந்தானம் சார். ஒல்லியான மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். மாட்டைக் கொண்டுவந்தவர்களை ஒருநாளும் திட்டியதில்லை. அந்தத் திட்டையெல்லாம் சேர்த்து எங்களுக்குக் கொடுப்பார். மாடு வந்தால் முதலில் உயிருக்கு வேண்டிய முதலுதவி. அது முடிந்ததும் மூன்று கேள்வி. என்ன தின்றது, யார் போட்டது, அது எங்கிருந்து வந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சரியாக வரும் வரை விட மாட்டார். ‘புல்லுதான் சார் தின்னுச்சு’ என்றால், எந்தப் புல், எந்த வரப்புப் புல், வரப்புக்கு அந்தப் பக்கம் யார் நிலம் என்று போய்க்கொண்டே இருப்பார். சில நாள் எனக்கே எரிச்சலாக வரும். மாட்டைப் பார்க்கச் சொன்னால் மனிதர் பட்டா விசாரிக்கிறாரே என்று நினைப்பேன்.

ஒருமுறை ஒரு கறவைப்பசு எச்சில் ஒழுக, தொடையெல்லாம் துடிதுடிக்கக் கிடந்தது. வீட்டுக்காரர் தன் நிலத்தில் மருந்தே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சந்தானம் சார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார். மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். பக்கத்து நிலம் பருத்தி. அங்கே நின்றிருந்தவரிடம், ‘மருந்து அடித்தீர்களா’ என்றுதான் நானாக இருந்தால் கேட்டிருப்பேன். சார் கேட்கவில்லை. பருத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னங்க, காய்ப்புழு தொந்தரவு ஜாஸ்தியா?” என்றார்.

அவ்வளவுதான். அந்த மனிதர் தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். எந்தக் கடையில் வாங்கினார், கடைக்காரர் என்ன சொன்னார், எப்படித் தன்னை ஏமாற்றினார் என்று சொல்லிக்கொண்டே போய்க் கொட்டகையிலிருந்து மருந்து பாட்டிலையும் கொண்டுவந்து காட்டினார். சார் லேபிளைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “போ, ஊசிய போடு” என்றார். பசு பிழைத்தது.

திரும்பி வரும்போது சொன்னார்: “மருந்து அடிச்சியான்னு கேட்டா சண்டைக்காரன் மாதிரி கேக்கற. என்ன தொந்தரவுன்னு கேட்டா மனுஷன் மாதிரி கேக்கற. பாட்டில் எந்தக் கேள்விக்கு வரும்னு இப்பப் பாத்தியா?”

பார்த்தேன். என்றாலும் எனக்கு அது கைவர வருடக்கணக்காகியது. கோபக்காரிக்கு அந்தக் கேள்வி சுலபமாக வாயில் வராது.

பிறகு பல ஊர் மாற்றலாகி, கடைசியாகச் சொந்த ஊருக்கே, கடலூருக்கே வந்தேன். அதற்குள் எங்கள் தொழில் மாறிவிட்டது. மாடு குறைந்து நாய் கூடியது. பக்கத்துக் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் வழக்கு கூப்பிடும் வரை சும்மா நிற்பானேன் என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து தடுப்பூசி போட்டுப் போனார்கள். கிளி வந்தது, முயல் வந்தது, ஆமை வந்தது. இனி ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கலா வந்தாள்.

சித்திரை மாதம். நாய்க்காரர்கள் கூட்டம் வழக்கம்போல் இருந்தது. ஒரு பெண் மட்டும் உள்ளே வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். ஒரு கையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதைச் சுற்றிப் பழைய சேலைத் துணி. இன்னொரு கையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற பம்ப்.

“ஏம்மா, உள்ள வாயேன். வெயில்ல ஏன் நிக்கற?”

“நாயிங்க இருக்கு மேடம். முடி பட்டா எனக்கு வீசிங் வந்துடும். எல்லாம் போனதும் வர்றேன்.”

நானே வெளியே போனேன். துணியை விலக்கினாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால். சுவர்ப் பல்லி மாதிரி இல்லை. இமை இருக்கிறது, பாதத்தில் ஒட்டும் சதை கிடையாது, சுவரில் ஏறவே ஏறாது. படத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் அன்றுதான் பார்த்தேன். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கால்கள் விடாமல் நடுங்கின. வாயோரத்தில் ஈரம்.

“பேரு முத்து மேடம்,” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் பம்பை வாயில் வைத்து இழுத்தாள்.

மூச்சு நிதானப்பட்டதும் சொன்னாள். அண்ணாகிராமத்துப் பக்கம் வீடு. சின்ன வயதிலிருந்தே நாய், பூனை, கோழிக்குஞ்சு எல்லாவற்றின் மேலும் ஆசை. எதைத் தொட்டாலும் மூச்சு இழுக்கும். அவள் கணவன் தணிகைக்குக் கடலூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை. முடியும் இறகும் இல்லாத பிராணி ஒன்று உண்டு என்று அவர்தான் தேடிக் கண்டுபிடித்து, சென்னையில் முறையாகப் பதிவு செய்து வாங்கிவந்திருக்கிறார். பயந்துகொண்டேதான் முதல்முதலில் கையில் வாங்கினாளாம். மூச்சு இழுக்கவில்லை.

“நான் தொட்டு எனக்கு ஒண்ணும் ஆகாத ஜீவன் இது ஒண்ணுதான் மேடம்,” என்றாள். அழாமல் சொன்னாள்.

பல்லிகளில் இப்படி நடுக்கம் வந்தால் முதலில் கால்சியம் குறைவா என்று பார்க்க வேண்டும். தாடையைத் தொட்டேன், உறுதியாக இருந்தது. கால் எலும்பில் வளைவு இல்லை. கால்சியப் பொடி தூவித்தான் ஒவ்வொரு பூச்சியும் கொடுப்பதாகச் சொன்னாள். நேற்று முன்தினம் வரை டப்பா முழுக்க ஓடிக்கொண்டிருந்த உடம்பு. கால்சியக் குறைவு இப்படித் திடீரென்று தள்ளாது. எச்சிலும் நடுக்கமும் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் திட்டக்குடிப் பசு கண்முன்னால் வந்து நின்றது.

“என்ன தின்னுச்சு?”

“பூச்சிதான் மேடம். சென்னையிலேர்ந்து பார்சல்ல கிரிக்கெட் பூச்சி, அதான் சிள்வண்டு, வரும், அதுதான் குடுப்போம். இந்த வெயில்ல பாதி வழியிலயே செத்துப்போயி வருது. அதனால ஒரு வாரமா அவரு வயல்லேர்ந்து கொண்டாறாரு.” கொஞ்சம் யோசித்தாள். “மேடம், இது கேக்கணும்னு நெனச்சேன். எப்பவும் துரத்தித் துரத்தித்தான் புடிக்கும். நேத்து பூச்சிங்க ஓடவே இல்ல. நின்ன எடத்துலயே நின்னுச்சி. இவன் சுளுவா புடிச்சித் தின்னுட்டான். நல்லா தின்னுதேன்னு நான் சந்தோசப்பட்டேன்.”

ஓடாத பூச்சி. அது போதும் எனக்கு. தணிகைக்குப் போன் போடச் சொன்னேன். கடையைப் போட்டது போட்டபடி வந்து சேர்ந்தார். வயலில் மருந்து அடித்தீர்களா என்று கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது.

“மேடம், எங்க வயல்ல மருந்துன்னு ஒரு சொட்டு விட்டதில்ல. மல்லாட்டை போட்டுருக்கோம், வேப்பங்கொட்டைக் கரைசலும் மீன் அமிலமும்தான். ஊர்ல என்னைப் பைத்தியக்காரன்னு சொல்றாங்க, தெரியுமா? அதுலேர்ந்து எடுத்த பூச்சியப் போயி...”

மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது நிலக்கடலையை. மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை. பூச்சியை எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டேன். வயலில் விளக்குப்பொறி வைத்திருக்கிறாராம். கம்பத்தில் ஒரு சோலார் விளக்கு, அதன் கீழே புனல், அதற்கும் கீழே ஒரு டப்பா. இருட்டினால் தானாக எரியும். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் புனலில் சறுக்கி டப்பாவில் விழும். வழக்கமாக டப்பாவில் சோப்புத் தண்ணீர் இருக்கும். முத்துவுக்கு உயிரோடு வேண்டும் என்பதால் தண்ணீரைக் கொட்டிவிட்டு முட்டை அட்டையைப் போட்டு வைத்தாராம். மருந்து அடிக்காமல் விவசாயம் செய்கிறவர்கள் வைக்கிற பொறி அது. அதில் விழுகிற பூச்சியைவிடச் சுத்தமான பூச்சி உலகத்தில் உண்டா என்பது அவர் எண்ணம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். பூச்சிமருந்துகளில் வகை உண்டு. ஒரு வகைக்கு நான் வைத்திருந்த ஊசி கேட்கும். இன்னொரு வகைக்கு அது உதவாது, வெறுமனே உடம்பை வதைக்கும். மாடு தாங்கும். இது மொத்தமே அறுபது கிராம். வகை தெரியாமல் ஊசியைத் தொட எனக்குத் துணிவில்லை. தெரிந்துகொள்ளத் தாமதித்தாலும் பிழைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தோலுக்கடியில் கொஞ்சம் திரவம் ஏற்றி, டப்பாவின் அடியில் சுடுநீர் பாட்டில் வைத்தேன். மருத்துவமனையில் பார்வை நேரமும் முடிந்திருந்தது.

“கெளம்புங்க, வயலுக்குப் போலாம்,” என்றேன்.

“பல்லிய?” என்றார் தணிகை.

“அதையும்தான். அது இல்லாம நாம என்ன டூர் போறமா?”

என் பழைய காரில் போனோம். பல்லிக்குச் சூடு வேண்டும் என்று ஏசி போடவில்லை. சித்திரை வெயிலில் கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டு மூன்று மனிதர்கள் அவிந்தோம், ஒரு பல்லி சௌகரியமாக வந்தது. வழி நெடுக முந்திரித்தோப்பு, சாலையோரம் பலாப்பழக் குவியல். கலா எதையும் பார்க்கவில்லை. மடியில் டப்பாவை வைத்து, ஓட்டை வழியாகப் பார்த்தபடியே வந்தாள். “இன்னும் நடுங்குது மேடம்... இன்னும் நடுங்குது” என்று நடுநடுவே சொன்னாள். நடுக்கம் நின்றால்தான் பயம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

வயலைப் பார்த்தேன். தணிகை சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. செடிகளுக்கு நடுவே சிலந்தி வலை, தட்டான், மண்ணில் மண்புழு எச்சம். மனிதர் சுத்தமாகத்தான் விவசாயம் செய்கிறார். விளக்குப்பொறியைக் காட்டச் சொன்னேன். நிழல் படக்கூடாது என்று நிலத்தின் ஓரத்தில், சரியாக வரப்பின் மேல் நட்டிருந்தார்.

வரப்புக்கு அந்தப் பக்கம் கத்திரி. இலைகளில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகக் காய்ந்த தடம்.

“இது யாரு நிலம்?”

“கலாவோட தாய்மாமாது மேடம். சிங்காரம் மாமா. அவுரு அடிப்பாரு. ஆனா அது அவுரு வயலு. நம்ம பக்கம் ஒரு சொட்டு வராது, நானே நின்னு பாத்துப்பேன்.”

“மருந்து வராது. பூச்சி?”

“பூச்சி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

“ராத்திரி இந்த வெளக்கு எரியறது உங்க வயல் பூச்சிக்கு மட்டுந்தான் தெரியுமா தணிகை? அந்தப் பக்கம் மருந்துல நனைஞ்சது, அரை மயக்கத்துல இருக்கறது, எல்லாம் வெளிச்சத்தப் பாத்து இங்கதானே வரும்? பூச்சிக்கு ஏது வரப்பு?”

தணிகை பொறியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருடமாக ஊரின் கேலியைத் தாங்கி ஒரு நிலத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை.

அதற்குள் சிங்காரம் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்துவிட்டார். தலையில் துண்டு, கையில் குடை. “வாங்க டாக்டரம்மா. என்னா, மாப்ள மாடு வாங்கிட்டானா? எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

தணிகை வாயைத் திறப்பதைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் நாக்கு நுனியிலும் ‘என்னய்யா அடித்தாய்’ என்றுதான் இருந்தது. விழுங்கிவிட்டு, “கத்திரி நல்லா வந்திருக்கே. என்னா பூச்சி தொந்தரவு?” என்றேன்.

“அதை ஏன் கேக்கறீங்க. காய்ப்புழு. மேல பாத்தா பளபளன்னு கெடக்கும், அறுத்தா உள்ள புழு. சந்தைக்குக் கொண்டுபோனா எம் மூஞ்சிலயே தூக்கி அடிக்கறான். முந்தா நாளு அடிச்சேன். இதுக்கும் கேக்கலன்னா வேற பாக்கலாங்கறான் கடைக்காரன். இருங்க, காட்டறேன், நீங்க படிச்சவங்க, இது நல்ல மருந்தான்னு பாத்துச் சொல்லுங்க.”

பாட்டில் வந்தது. லேபிளைப் படித்தேன். என் ஊசி கேட்கிற வகை.

வரப்பிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தேன். மாட்டுக்கு வைத்திருக்கும் மருந்தை அப்படியே ஏற்றினால் பல்லி அங்கேயே முடிந்துவிடும். மருந்தைச் சலைனில் கலந்து, அதிலிருந்து எடுத்ததை மறுபடியும் கலந்து, இன்சுலின் சிரிஞ்சில் சின்னக் கோடு அளவு. கலா முத்துவை உள்ளங்கையில் வைத்துப் பிடித்தாள். வெயில் நேராக அதன் மேல் அடித்தது. சிங்காரம் என்ன ஏது என்று கேட்காமலே குடையை விரித்து மேலே பிடித்தார். ஊசி போட்டேன்.

“எதுக்கு ஊசி? பல்லிக்கு என்னா?” என்றார் அப்புறம்.

“உங்க மருந்துதான் மாமா!” தணிகைக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “அடிக்காத அடிக்காதன்னு எத்தினி தபா சொன்னேன்?”

“எம் வயல்ல நான் அடிக்கறேன். உம் பல்லிய எவன் எங் கத்திரிக்காய திங்கச் சொன்னது?”

“அது கத்திரிக்காய் திங்கல...”

“பின்ன? ஊரு பூராவும் அடிக்கறான், நான் ஒருத்தன்தான் உங் கண்ணுக்குத் தெரியறனா? நீ கடைல உக்காந்து டைப்பு அடிக்கறவன், புழு தின்னாலும் உனக்குச் சோறு வந்துடும். எனக்கு?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் குரல் ஏறிக்கொண்டே போனது. எழுந்து இரண்டு பேரையும் ஒரு வாங்கு வாங்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கலா, தலையைத் தூக்காமலே, மெதுவாகச் சொன்னாள்:

“மாமா, கொடைய நேரா புடிங்க. அது மேல வெயிலு படுது.”

சிங்காரம் குடையை நேராகப் பிடித்தார். பேச்சு நின்றுவிட்டது. குனிந்து, முதல்முறையாக அதை ஒழுங்காகப் பார்த்தார். முத்துவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த நடுக்கம் தெரிந்ததுபோல் இருந்தது. மருந்து அடித்த அன்று தனக்கும் கை இப்படித்தான் உதறும், ராத்திரி சாப்பாடு இறங்காது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். கலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம். மனிதர்களைப் பார்க்கிற டாக்டரிடம் உடனே போகச் சொன்னேன். அடிக்கும்போது கையுறையும் முகமூடியும் வேண்டும் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். தலையாட்டினார்.

சாயங்காலத்துக்குள் நடுக்கம் குறைந்தது. மறுநாள் காலையில் கலா ஒரு வீடியோ அனுப்பினாள். முத்து நாக்கை நீட்டித் தன் மூக்கைத் தானே நக்கிக்கொண்டது. அதை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் அது சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. விஷத்திலிருந்து தப்பி வந்து பட்டினியில் போகிற பிராணிகளை நான் பார்த்திருக்கிறேன். வாலில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பில் சில நாள் ஓடும், அவ்வளவுதான். இனி அதற்குச் சந்தேகமில்லாத பூச்சி வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று கலா கேட்டாள், நானே தேடுகிறேன் என்றேன்.

வார விடுமுறையில் சிதம்பரம் வந்து தேடினேன். பறவைகளுக்காகவும் மீன்களுக்காகவும் பூச்சி வளர்த்து விற்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். முதலில் போன இடம் பார்க்கக் கண்ணாடி மாதிரி சுத்தம். பூச்சிகளும் கொழுகொழுவென்று இருந்தன. மேசைக் காலைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தது. எறும்பு ஏறாமல் இருக்கப் போட்ட பூச்சிச் சாக்பீஸ். ‘வர்றேங்க’ என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது இடம் ஒரு வீட்டு மாடி, கொஞ்சம் குப்பைதான். ஆனால் அங்கே மேசையின் ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றது. தவிடு எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். மில்லில் வாங்கி மொட்டைமாடியில் காயவைப்பதாகவும், வண்டு வராமல் இருக்க மூட்டைக்குள் விஷ மாத்திரை போடுகிற கடையில் வாங்குவதில்லை என்றும் அந்த அம்மா சொன்னார். கிரிக்கெட்டுக்குத் தீனி? கேரட்டும் முருங்கைக்கீரையும், வீட்டு மரத்தில் பறித்தது. மரத்தையும் பார்க்கலாமா என்றேன். “பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கலீங்க” என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

முத்துவின் இரண்டு கண்ணுக்கும் இடையில் எவ்வளவு இடமோ, அதைவிடப் பெரிய பூச்சி கூடாது என்று சொல்லிச் சின்னதாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னேன். முதல் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்த பூச்சியை உள்ளேயே விட்டுவைக்காமல் எடுத்துவிடச் சொன்னேன். பசித்த கிரிக்கெட் தூங்குகிற பல்லியைக் கடிக்கும். மறுநாள் நான் பூசையில் இருந்தபோது போன் அதிர்ந்தது. எடுக்கக் கூடாதுதான். எழுந்து வெளியே வந்து எடுத்தேன்.

“மேடம், துரத்துச்சு,” என்றாள் கலா. “மூலைக்கு மூலை துரத்திப் புடிச்சிச்சி மேடம்.”

பிறகு இரண்டு பேரும் அழுதோம். கோயில் வாசலில் நின்று ஒரு பல்லிக்காக அழுத டாக்டர் கடலூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது அவர்கள் வீட்டிலேயே கிரிக்கெட் வளர்க்கிறார்கள். தவிட்டுத் தூசி கலாவுக்கு ஆகாது என்பதால் அந்த வேலையெல்லாம் தணிகை, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. பூச்சிகள் கத்துகிற கத்தலில் டிவி கேட்கவில்லை என்று புகார் சொல்வார், ஒன்று குறைந்தாலும் தேடுவார். விளக்குப்பொறி டப்பாவில் மறுபடியும் சோப்புத் தண்ணீர் இருக்கிறது; கம்பத்தைப் பிடுங்கி வயலின் நடுவில் நட்டுவிட்டார். சிங்காரம் கத்திரிக்குப் புழுப் பொறி வாங்கி மாட்டியிருக்கிறார். வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளை. மருந்தை ஒரேயடியாக விட்டுவிடவில்லை, குறைத்திருக்கிறார். முதல் மழைக்கு அடுத்த நாள் கலா போன் செய்து, ஈசல் வறுத்தோம், முத்துவுக்கு ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டாள். எனக்கு ரெண்டு கைப்பிடி எடுத்து வை, அதற்கு வேண்டாம் என்றேன். புற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறுபது கிலோ உடம்பு தாங்குவதை அறுபது கிராம் தாங்காது.

ஆகவே நிவேதா, நீ கேட்டது இதுதான்: வீட்டில் வளர்த்த கிரிக்கெட், மாவுப்புழு எப்போதாவது, மின்மினி ஒருநாளும் கூடாது, அது பல்லிக்கு விஷம், தோட்டத்தில் பிடித்தது எதுவும் வேண்டாம். ஆனால் இதைச் சொல்வதற்கு முன்னால் மூன்றாவது கேள்வியைக் கேள். பதில் சரியில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார். போகும்போது கோபத்தைக் காரிலேயே வைத்துவிட்டுப் போ. என்னால் முடிந்தது என்றால் உன்னாலும் முடியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சிங்காரம்.

“டாக்டரம்மா, நல்லா இருக்கீங்களா? நாளைக்குக் காலைல கத்திரிக்குக் கொஞ்சம் மருந்து அடிக்கலாம்னு இருக்கேன். மாப்ள போன எடுக்க மாட்டேங்கறான். அந்தப் பல்லிக்குச் சொல்லிடுங்க.”

“அதுதான் இப்ப வயல் பூச்சி திங்கறதில்லையே சிங்காரம்.”

“தெரியுங்க. இருந்தாலும் பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லாம அடிச்சா நல்லாவா இருக்கும்?”

கலாவுக்குப் போன் செய்து சேதியைச் சொன்னேன். டப்பா மூடி திறக்கிற ஒலி கேட்டது.

“சொல்லிட்டேன் மேடம்.”

“என்னா சொன்னான்?”

“வாயில பூச்சி இருக்கு மேடம். மென்னுட்டுச் சொல்றானாம்.”